அரை வரிக்கு ஒரு குரல்

எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக 1985 ஜனவரி 28 இரவு ஹாலிவுட்டின் ஏ அண்ட் எம் ஸ்டூடியோவில் பதிவான 'வீ ஆர் தி வேர்ல்ட்' பாட்டை நட்சத்திரக் கூட்டத்துக்காகவே பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதன் உயிர் குரல்களை அடுக்கிய விதத்தில் இருக்கிறது என்பேன். டியான் வார்விக்கின் பட்டுக் குரல் முடிந்த கையோடு வில்லி நெல்சனின் மூக்கொலி வருகிறது. சிண்டி லாப்பர் உச்சத்தில் வீறிட்டதும் கிம் கார்ன்ஸின் கரகரப்பு அதைத் தாங்கிக்கொள்கிறது. ஆளுக்கு ஒன்றிரண்டு வரிதான், சிலருக்கு அதுவும் இல்லை. அதற்குள் தன் முத்திரையைப் பதித்துவிட்டு விலக வேண்டும். கச்சேரி முழுக்கப் பாடுவதைவிட இது கடினம். பாப் டிலனே தடுமாறினார். ஸ்டீவி வொண்டர் பியானோவில் அமர்ந்து, டிலனைப் போலவே பாடிக் காட்டி வழிக்குக் கொண்டுவந்தார்.

வரிகள் சாதாரணம், எல்லாம் சுயவிளம்பரம் என்பார்கள். வரிகளைப் பற்றிச் சொல்வது சரிதான், மெட்டும் எளிமையானதே. ஆனால் சிக்கலான மெட்டு இத்தனை விதக் குரல்களுக்கு இடம் கொடுத்திருக்காது. விளம்பரம்தான் நோக்கமென்றால், கோரஸில் பெயரற்றுக் கரைய டிலன் அளவு புகழ்பெற்றவர்கள் விடியும்வரை நின்றிருக்க வேண்டியதில்லை.