இடது மணிக்கட்டின் வேலை

ஹாக்கி மட்டைக்கு ஒரு முகம்தான். தட்டையான இடப்பக்கத்தாலும் விளிம்பாலும் பந்தை ஆடலாம். உருண்ட முதுகில் பட்டால் தவறு. இடக்கைக்காரர்களுக்கென்று தனி மட்டையும் கிடையாது. ஆட்டத்தின் மணிக்கட்டு அழகு முழுவதும் இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து வந்ததுதான். வலப்பக்கம் இருக்கும் பந்தை இடப்பக்கம் தள்ள மட்டையை அப்படியே நகர்த்தினால் போதும். திரும்பக் கொண்டுவர வேண்டுமென்றால், மட்டையின் மூக்கு ஆடுபவரை நோக்கும்படி பந்தின் தலைக்கு மேலாக அதைப் புரட்ட வேண்டும்.

புரட்டுவது இடது கை. மட்டையின் உச்சியைப் பிடித்து, சாவி திருப்பும் அளவு அசைவில் அரைச்சுற்று இடமாகச் சுழற்றும். கீழே இருக்கும் வலது கை இறுகப் பிடிப்பதில்லை. மோர் மத்தைத் தூணோடு நிறுத்தும் கயிற்று வளையம்போல, சுழல விட்டுத் திசையை மட்டும் காக்கிறது. கற்றுக்கொள்ளும் பிள்ளைகளின் முதல் பிழை வலது கையாலும் திருகுவது. அப்போது முழங்கை உயரும், தோள் இறுகும், பந்து காலடியில் சிக்கும். தேர்ந்த ஆட்டக்காரரிடம் தோள் அசைவே தெரியாது. இந்திய அணியின் தன்ராஜ் பிள்ளை முழு வேகத்தில் ஓடியபோதும் அப்படித்தான்.

ஓங்கி அடிக்கும்போது கணக்கு மாறுகிறது. இரு கைகளும் உச்சியில் சேர்கின்றன. மட்டை பின்னே போகையில் மணிக்கட்டுகள் மடங்கி, பந்தைத் தொடும் நேரத்தில் விடுபடுகின்றன. கோல்ஃப் வீச்சிலும் இதே தத்துவம்தான்: முன்கை முந்த, மணிக்கட்டு தாமதித்து நிமிர, மட்டையின் தலை கடைசியில் வேகமெடுக்கிறது. அவசரப்பட்டு முன்பே நிமிர்த்தினால் வேகம் காற்றோடு போய்விடும். ஆனால் கோல்ஃப் பந்து 46 கிராமுக்கும் குறைவு, அசையாமல் காத்திருக்கும். ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம் வரை. எதிராளியும் காத்திருக்க மாட்டார்.

மணிக்கட்டைப் பழக்குவதில் தரைக்கும் பங்கு உண்டு. தென் தமிழகத்தில் குளத்தூர், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மண் கோடையில் வெடிக்கும், மழையில் காலைப் பிடிக்கும்; அதன் மேல் பந்து நேராக உருளாது. மண் தரையில் துள்ளும் பந்தை அடக்கக் கை மென்மையாக இருந்தே ஆகவேண்டும். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்ததும், இந்திய மணிக்கட்டு ஆட்டம் முடிந்தது என்றார்கள். அது பாதி உண்மை. ஓட்டமும் நீண்ட பாஸும் முன்னுக்கு வந்தன. மணிக்கட்டு பந்தைத் தரையிலிருந்து கிளப்பி எதிராளியின் மட்டைக்கு மேலே தாண்டவிடக் கற்றுக்கொண்டது. அந்தக் கரிசல் வட்டாரத்துக் கோவில்பட்டிக்கும் செயற்கை இழைத் திடல் வந்துவிட்டது. அவ்வூர் மாரீஸ்வரனும், அங்கே பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தியும் 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடினார்கள்.

எதிரணி தன் கோல் வட்டத்தில் செய்யும் தவறுக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னரில், டிராக் ஃப்ளிக் எனும் இழுத்து வீசும் அடிக்கு மட்டும் மணிக்கட்டுக்கு இரண்டாம் இடம். பந்தை மட்டையில் ஒட்டி இழுத்து வரும் வலு காலிலும் இடுப்பிலும் இருக்கிறது. ஓங்கி அடிக்கும் முதல் அடி 460 மில்லிமீட்டர் உயரத்துக்குள் கோல் கோட்டைத் தாண்ட வேண்டும்; ஃப்ளிக்குக்கு அந்த வரம்பு இல்லை. ஆனாலும் எந்த மூலைக்கு, எவ்வளவு உயரத்தில் என்பதைப் பந்து விடுபடும் கணத்தில் மணிக்கட்டு முடிவு செய்கிறது.