உறுமும் ரேடியோவுக்கு எந்தக் கெப்பாசிட்டர்?

சத்தத்தைக் குறைத்தாலும் பாட்டுக்கு அடியில் ஓர் உறுமல் அப்படியே நிற்கும். பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலைப் பக்கத்து லயங்களில் இன்னும் ஓடும் பழைய ரேடியோ கசெட்டுகளுக்கு வரும் வழக்கமான நோய் இது. நமது கரண்ட் 50 ஹேர்ட்ஸ். நான்கு டயோட்டுகளைத் தாண்டும்போது அதில் 100 ஹேர்ட்ஸ் அலை மிஞ்சும். அதை அடக்குவது போர்டில் உருளையாக நிற்கும் பில்டர் கெப்பாசிட்டர். உள்ளிருக்கும் திரவம் காய்ந்தால் அலை நேரே ஸ்பீக்கருக்குப் போகும்.

நான் திறந்த செட்டில் 2200 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர் தலை உப்பி நின்றது. பழைய டிவி போர்டில் கழற்றிய ஒன்று, 85 பாகை என்று அச்சிட்ட புதியது, 105 பாகைப் புதியது என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கழற்றியது மெல்லிய சத்தத்தில் சமாளித்தது. மேளம் அதிரும் இடத்தில் உறுமல் திரும்பியது. புதியவை இரண்டும் சுத்தம், காதுக்கு வித்தியாசமே இல்லை.

வித்தியாசம் ஆயுளில். இரண்டுக்கும் பொதுவாகச் சொல்லும் கணக்கு, அச்சிட்ட சூட்டில் 2000 மணித்தியாலம். சூடு 10 பாகை குறையக் குறைய ஆயுள் இரட்டிக்கும். பெட்டிக்குள் 65 பாகை என்றால் 85 பாகைக்காரன் 8000 மணித்தியாலம், 105 பாகைக்காரன் 32,000. இரவு பகலாகப் பிளக்கிலேயே கிடக்கும் டிஷ் பெட்டியில் முதலாவது ஒரு வருஷம்கூடத் தாங்காது. விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை.

வோல்டேஜில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இந்த செட்டின் டிரான்ஸ்பார்மர் 12 வோல்ட். உச்சம் ஏறக்குறைய 17, டயோட்டில் 1.4 போனாலும் 15.6 மிஞ்சும். லைனில் கரண்ட் கொஞ்சம் ஏறினால் 16ஐத் தாண்டிவிடும். கம்பெனிக்காரன் 16 போட்டான் என்பதற்காக நாமும் போட வேண்டியதில்லை. மைக்ரோஃபாரட் கொஞ்சம் கூடினால் பாதகமில்லை. 10,000 போட்டால் சுவிட்ச் போடும் ஒவ்வொரு முறையும் டயோட்டுகள்தான் அடி வாங்கும். கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். மாற்றிப் பற்றவைத்தால் வெடிக்கும்.

பெரிய கெப்பாசிட்டர் மின்னலைத் தாங்கும் என்று சொல்வோர் உண்டு. தாங்காது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் சப்ரகமுவவில் பின்னேர இடி தொடங்கினால் பிளக்கையும் அன்டெனா வயரையும் கழற்றி வைப்பதே வழி.

டிவி, டிஷ் பெட்டி, சார்ஜர் கதை வேறு. அவற்றின் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் ஏறும்; 400 வோல்டுக்குக் குறைந்தது கூடாது. பிளக்கைக் கழற்றிய பின்னும் அதில் மின் தங்கும், பழக்கமில்லாதவர் கை வைக்கக்கூடாது. கரண்ட் நுழையும் இடத்தில் இருக்கும் பெட்டி வடிவக் கெப்பாசிட்டரில் X2 என்று இருந்தால் புதியதிலும் அதே எழுத்து இருக்க வேண்டும். அது பழுதானாலும் தீப்பிடிக்காதபடி செய்யப்பட்டது. சாதாரணமானது அப்படி அல்ல.

இந்த ரேடியோவுக்கு என் தெரிவு 2200 மைக்ரோஃபாரட், 25 வோல்ட், 105 பாகை. பழையதைக் கடைக்குக் கொண்டுபோய் உயரத்தையும் கால் இடைவெளியையும் ஒப்பிட்டு வாங்குங்கள். 25 இல்லையென்றால், உள்ளே இடமிருந்தால் 35 வாங்கலாம், 16க்கு இறங்காதீர்கள்.