ஒரு பெயரும் ஐந்து பாத்திரங்களும்

அமெரிக்கக் குறைந்த செலவுத் திரைப்படங்களில் அறுபதாண்டுகளுக்கு மேலாகக் குணச்சித்திர நடிகராக விளங்கியவர் டிக் மில்லர் (1928–2019). அவர் தலைமைப் பாத்திரம் ஏற்ற அரிய படம், ராஜர் கார்மன் ஐந்தே நாட்களில் படமாக்கிய 'எ பக்கெட் ஆஃப் பிளட்' (1959). அதில் வால்டர் பெய்ஸ்லி என்னும் காப்பிக்கடைப் பணியாள், பிணங்களின்மேல் களிமண் பூசிச் சிற்பியெனப் புகழ்பெற்று, இறுதியில் தூக்கிட்டு மாள்கிறான்.

மாண்டவனின் பெயர் மாளவில்லை. 'ஹாலிவுட் புலவார்ட்' (1976) படத்தில் நடிகர்களுக்கு வாய்ப்புத் தேடித் தரும் முகவர், 'தி ஹவ்லிங்' (1981) படத்தில் புத்தகக் கடைக்காரர், 'ட்விலைட் ஸோன்' (1983) படத்தில் உணவகக்காரர், 'சாப்பிங் மால்' (1986) படத்தில் துப்புரவாளர் என மில்லர் ஏற்ற சிறுபாத்திரங்களும் அப்பெயரையே தாங்கின.

முதற்படத்தில் இடுகுறியாய் நின்ற பெயர், பின்வந்தவற்றில் காரணப்பெயரின் இயல்பைப் பெறுகிறது. அது சுட்டுவது பாத்திரத்தை மட்டுமன்று, நடிகரின் கடந்தகாலத்தையுமாகும். இதனை இயக்குநர்கள் செய்த மரியாதை எனலாம். ஆயினும், கதைத்தலைவராக நின்றவர் சில நிமிடப் பாத்திரங்களாகச் சுருங்கியமைக்கும் இப்பெயரே சான்றாகிறது.

கதையோட்டத்திற்கு வேண்டாதது எனத் துணைத்தலைப்பில் இப்பெயரை விடுத்தாலும், படத்துக்குப் படம் 'பெய்ஸ்லி', 'பைஸ்லி' என ஒலிபெயர்ப்பை மாற்றினாலும் அவ்வரலாறு அறுபடும். இத்தகைய பெயர்களுக்குப் பொருள் காண்பதைவிட வடிவ ஒருமையைக் காப்பதே மொழிபெயர்ப்பாளரின் முதற்கடமையாகும்.