கொற்கைக் கடைமடையும் ‘வாரமில்லா நிலமும்’: பொருளியல் கற்பித்தல் ஆய்வுகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மேல்நிலை வகுப்புகளில் பொருளியல் கற்றல் கற்பித்தலின் தரத்தை ஆராயும் தமிழக ஆய்வுகள் பெரும்பாலும் மதிப்பெண் உயர்வையும் மாணவர் மனப்பான்மையையுமே அளக்கின்றன. கற்ற கருத்தைப் பாடநூலுக்கு வெளியே உள்ள ஒரு சூழலில் மாணவர் கையாள முடிகிறதா என்னும் வினா அவற்றில் அரிதாகவே எழுகிறது. இக்கட்டுரை அவ்வினாவைத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில், குறிப்பாகக் கொற்கையை வைத்து எழுப்புகிறது. 1916இல் இதே ஆற்றுப்படுகையில் நடந்த மாணவர் கிராம ஆய்வையும் 2018ஆம் ஆண்டின் பதினோராம் வகுப்புப் பொருளியல் பாடநூலையும் எதிரெதிரே நிறுத்தி மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: பொருளியல் கல்வி, கொற்கை, தாமிரபரணி, கில்பர்ட் ஸ்லேட்டர், கங்கைகொண்டான், வாரம், முத்துக்குளித்தல், மதிப்பீடு.

அளக்கப்படுவது எது?

கல்வியியல் துறைகளில் பொருளியல் கற்பித்தல் பற்றி எழுதப்படும் ஆய்வேடுகளின் அமைப்பு ஏறத்தாழ ஒரே வார்ப்பு. மாணவர் இரு குழுக்களாகப் பிரிக்கப்படுவர். ஒரு குழுவுக்கு வழக்கமான கற்பித்தல். மற்றதற்குக் காணொலி, கருத்து வரைபடம், கூட்டுக் கற்றல் என ஏதேனும் ஒரு புதிய உத்தி. முன்தேர்வு, பின்தேர்வு, டி சோதனை, லிக்கர்ட் அளவுகோலில் ஒரு மனப்பான்மைப் பட்டியல். முடிவில் புதிய உத்தி பயன் தருவதாகப் பெறப்படும். இம்முறையில் பிழை இல்லை. பிழை பின்தேர்வின் வினாத்தாளில் இருக்கிறது. அவ்வினாக்கள் பாடநூலின் பயிற்சிப் பகுதியிலிருந்தே எடுக்கப்படும்போது, புதிய உத்தி நினைவாற்றலுக்கு எவ்வளவு உதவியது என்பதே அளக்கப்படுகிறது; பொருளியல் சிந்தனை வளர்ந்ததா என்பது அளவைக்குள் வருவதேயில்லை.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய குறையன்று. 1963இல் அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் ஒரு சவாலை முன்வைத்தார். தொடக்கநிலைப் பொருளியலைக் கல்லூரியில் படித்தவரையும் படிக்காதவரையும் சில ஆண்டுகள் கழித்து ஒரே தேர்வுக்கு உட்படுத்தினால் இருவருக்கும் வேறுபாடு தெரியாது என்பது அவர் கணிப்பு. 1969இல் பொருளியல் கல்விக்கென்றே ஓர் ஆய்விதழ் தோன்றிய பின்னும், வில்லியம் பெக்கரும் மைக்கேல் வாட்ஸும் 1995இலிருந்து நடத்திய கணக்கெடுப்புகள் அமெரிக்கக் கல்லூரி வகுப்புகளில் சுண்ணக்கட்டியும் சொற்பொழிவுமே மேலோங்கி நின்றதைக் காட்டின. வசதி மிகுந்த நாட்டிலேயே நிலை இதுவென்றால், தமிழ்வழியில் பயிலும் முதல் தலைமுறை மாணவரிடம் இக்குறை எத்தகைய இழப்பாக விளையும் என்பது எண்ணத்தக்கது. பன்னிரண்டாம் வகுப்போடு பொருளியலைக் கைவிடும் மாணவருக்கு அப்பாடத்தால் கிடைத்தது ஒரு மதிப்பெண் மட்டுமே என்றாகிவிடக்கூடும்.

கங்கைகொண்டான், 1916

கொற்கைக்கு மேற்கே, தாமிரபரணியின் துணையாறாகிய சிற்றாற்றின் கரையில் கங்கைகொண்டான் உள்ளது. அந்த ஆறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, திருவைகுண்டம் கடந்து, கொற்கையின் பக்கமாகக் கடல் நோக்கிச் செல்கிறது. பொருளியல் கல்வி வரலாற்றில் கங்கைகொண்டானுக்குத் தனியிடம் உண்டு. தொழிலாளர் பயிலும் ஆக்ஸ்போர்டு ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்தார். மறு ஆண்டிலேயே வினாப்பட்டியல் ஒன்றைக் கொடுத்து மாணவரைத் தத்தம் ஊர்களை ஆராய்ந்து எழுதப் பணித்தார். நிலம், நீர், கூலி, கடன், உணவு எல்லாம் அதில் அடங்கின. 1918இல் அவை நூலாயின. அந்நூலில் இடம்பெற்ற ஊர்களுள் ஒன்று கங்கைகொண்டான். பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1936-37இல் நடத்திய மறு ஆய்வு 1940இல் வெளிவந்தது. 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தாரும், அதன்பின் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன் முதலானோரும் மீண்டும் அவ்வூருக்குச் சென்றனர். வயலூராகத் தொடங்கிய அந்த ஆவணம் சிப்காட் தொழில்வளாகம் வரை நீள்கிறது. இந்தியாவில் இவ்வளவு நீண்ட பொருளியல் பதிவு கொண்ட ஊர்கள் மிகச் சில. அதன் தொடக்கம் ஓர் ஆசிரியர் தம் மாணவருக்குக் கொடுத்த பயிற்சி.

ஆய்வுலகம் ஸ்லேட்டரின் நூலைத் தரவு மூலமாகப் போற்றிவந்திருக்கிறது. கற்பித்தல் முறையாக அதைப் பார்த்தது குறைவு. அவ்வாறு பார்க்கும்போது அதன் குறைகளையும் மறைக்க இயலாது. 1916இல் கல்லூரிக்கு வர இயன்றவர் பெரும்பாலும் நிலமுடைய, மேல்தட்டுக் குடும்பத்தினர். அவர்கள் கண்ட ஊர் அவர்கள் தெருவிலிருந்து தெரிந்த ஊர். கூலி வாங்குபவரின் கணக்கு, கூலி கொடுப்பவர் வீட்டு இளைஞரின் கையெழுத்தில் பதிவாயிற்று. ஆயினும் தாம் அறிந்த ஊரே தமக்குத் தெரியாத ஒன்று என மாணவர் உணரும் தருணத்தை அம்முறை உருவாக்கியது. பிற்காலப் பாடத்திட்டங்கள் எதனாலும் அத்தருணத்தை மீண்டும் உருவாக்க இயலவில்லை.

பாடநூலில் வட்டாரம்

2018இல் வெளிவந்த பதினோராம் வகுப்புப் பொருளியல் பாடநூல் முந்தைய நூல்களினும் மேம்பட்டது என்பதில் ஐயமில்லை. நுண்ணியல் பொருளியலோடு நிற்காமல் ஊரகப் பொருளாதாரம், தமிழ்நாட்டுப் பொருளாதாரம் ஆகியவற்றுக்குத் தனி இயல்கள் தந்திருக்கிறது. திருவள்ளுவர், காந்தி, அம்பேத்கர், ஜே. சி. குமரப்பா, அமர்த்தியா சென் முதலியோர் பொருளியல் சிந்தனையாளராக அறிமுகமாகின்றனர். கணித முறைகளுக்கும் ஓர் இயல் உண்டு. தாய்மொழியில் இத்தகைய ஒரு நூல் அமைவது எளிய செயலன்று.

ஆனால் வட்டாரம் இந்நூலில் செய்தியாக வருகிறது, சிக்கலாக வருவதில்லை. நுண்ணியல் இயல்களில் கருவிகள். தமிழ்நாட்டு இயலில் தரவுகள். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. குமரப்பா இதற்கு நல்ல சான்று. அவர் 1929-30இல் குஜராத் வித்யாபீட மாணவரை அழைத்துக்கொண்டு மாதர் வட்டத்தில் ஊர் ஊராகப் பொருளியல் ஆய்வு நடத்தியவர். அவர் சிந்தனை அக்களத்தில் முதிர்ந்தது. மேல்நிலை மாணவர் தேர்வுக்காக எழுதுவதோ அவருடைய கருத்துகளின் பட்டியல். அந்த ஆய்வு முறை மாணவர் கைக்கு வரவில்லை.

எடுத்துக்காட்டில் ஆப்பிளை நீக்கி வாழைப்பழத்தை வைத்தால் பாடம் வட்டாரத்துக்கு உரியதாகிவிடும் என்று கருதுவோர் உண்டு. குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதிக்கு இரண்டு பழமும் ஒன்றே. எந்த இடத்தில் மாணவரின் முன்னறிவு பாடநூலோடு மோதுகிறதோ, அங்கேதான் வட்டாரம் கற்பித்தலுக்குப் பொருளாகிறது. அவ்வகை மோதல் ஒன்று ‘வாரம்’ என்னும் சொல்லில் ஒளிந்திருக்கிறது.

வாரமில்லா நிலம்

தமிழ்ப் பாடநூல் ரிக்கார்டோவின் கோட்பாட்டை ‘வாரக் கோட்பாடு’ என்கிறது. மண்ணின் மூலமான, அழியாத ஆற்றலுக்காக நிலவுடைமையாளருக்குச் செலுத்தப்படும் விளைச்சற் பகுதியே வாரம். வளமிக்க நிலத்துக்கும் கடைநிலை நிலத்துக்கும் உள்ள விளைச்சல் வேறுபாட்டில் அது பிறக்கிறது. கடைநிலை நிலம் ‘வாரமில்லா நிலம்’. தேர்வுக்கு இவ்வளவு போதும்.

தாமிரபரணிக் கரையில் வேளாண் குடும்பத்தில் வளர்ந்த மாணவர் ‘வாரம்’ என்ற சொல்லை வகுப்புக்கு வருமுன்பே அறிவார். அங்கே வாரம் என்பது விளைச்சலைப் பங்கிடும் சாகுபடி. ஆண்டுக்கு இவ்வளவு என்று முன்பே உறுதி செய்வது குத்தகை. மேல்வாரம், குடிவாரம் என்னும் பழைய வருவாய் வழக்குகளும் இப்பொருளையே சுட்டுகின்றன. எவ்வளவு மோசமான நிலமானாலும் உழுதவர் வாரம் அளக்கிறார். ஆகவே ‘வாரமில்லா நிலம்’ என்னும் தொடர் அம்மாணவருக்கு முரணாகவே ஒலிக்கும். ஆங்கில வழியில் பயில்பவருக்கு இத்தடை இந்த வடிவில் இல்லை. கலைச்சொல் உருவாக்கியோர் வழக்குச் சொல் ஒன்றைத் தேர்ந்தது பாராட்டுக்குரியது; அவ்வழக்கின் பொருளை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தியதுதான் குறை.

அம்முரணை மறைக்காமல் எடுத்துப் பேசினால் கோட்பாடு முழுவதும் அங்கிருந்தே விரியும். தாமிரபரணியில் கோடைமேலழகியானில் தொடங்கித் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. முதல் ஏழும் பழையவை. எட்டாவது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்தது. கொற்கை அந்த எட்டாவதன் கீழே, கடைமடையில் இருக்கிறது. ஒரே ஆறு, ஏறத்தாழ ஒரே பயிர்கள், காரும் பிசானமும் என்ற ஒரே பருவக் கணக்கு. ஆனால் நீர் குறையும் ஆண்டில் அதன் சுமை முதலில் கடைமடையில் தெரியும். மேல்மடைக்கும் கடைமடைக்கும் உள்ள விளைச்சல் வேறுபாட்டை மண்ணின் ‘அழியாத ஆற்றல்’ என்று சொல்லலாமா? அது நீரின் இடம், அணையின் முதலீடு, திறந்துவிடும் முறைப்பாடு ஆகியவற்றின் விளைவல்லவா? கடைமடைக் குடியானவர் அளக்கும் பங்கில் ரிக்கார்டோவின் வாரம் எவ்வளவு, விதைக்கும் மாட்டுக்கும் உரியது எவ்வளவு, வேறு நிலம் கிடைக்காமையால் கொடுப்பது எவ்வளவு? இவ்வினாக்களுக்கு ஆசிரியரிடமும் ஆயத்த விடை இராது. அதனால் அவை வகுப்பறையில் கேட்கத் தகாதவை ஆகிவிடா.

சிப்பிக்குள் இருப்பது

கொற்கை மாணவருக்குப் பெரும்பாலும் தமிழ், வரலாற்றுப் பாடங்களின் வழியே அறிமுகமாகிறது: பாண்டியர் துறைமுகம், சங்கப் பாடல்கள் புகழும் முத்து, பெரிப்ளூஸ் குறிக்கும் ‘கொல்கி’. குற்றவாளிகளைக் கொண்டு முத்துக்குளிப்பு நடந்ததாகப் பெரிப்ளூஸ் சொல்வது பெருமிதப் பாடத்தில் இடம்பெறுவதில்லை. உழைப்புச் சந்தை பற்றிய பாடத்துக்கோ அதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது. ஆற்று வண்டலால் கடல் விலக, துறை பழைய காயலுக்கும் புன்னைக்காயலுக்கும் பின் தூத்துக்குடிக்கும் பெயர்ந்தது. கொற்கை இன்று வயலும் வாழையும் சூழ்ந்த உள்நாட்டுச் சிற்றூர்.

பிற்கால முத்துக்குளிப்பில் பொருளியல் ஆசிரியர் தவறவிடக் கூடாத ஒரு நடைமுறை இருந்தது. பார்களிலிருந்து எடுத்த சிப்பிகள் திறக்கப்படாமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விடப்பட்டன. உள்ளே எத்தனை முத்து என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. குளிப்புக்கு முன் ஒரு மாதிரியை எடுத்துத் திறந்து, ஆயிரத்துக்கு என்ன மதிப்பு என்று அரசு கணக்கிட்டது. மாதிரி ஆய்வு, எதிர்பார்ப்பு மதிப்பு, இடர், ஏலம் ஆகிய நான்கும் ஒரே கரையில் கூடியிருந்தன.

இதனை வகுப்பறையில் நிகழ்த்திக் காட்டப் புளியங்கொட்டை போதும். மூடிய பைகளில் வேறுவேறு எண்ணிக்கையில் கொட்டைகளை இட்டு, ஒரு பையை மட்டும் மாதிரியாகத் திறந்து காட்டி, மற்றவற்றை மாணவரிடையே ஏலம் விடலாம். ஏலத்தில் வென்றவர் பலமுறை இழப்பில் முடிவதை அவர்களே காண்பர். மிகையாக மதிப்பிட்டவரே வெல்வதால் இவ்விழப்பு நேர்கிறது என்பதை 1971இல் எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியாளர்கள் விளக்கினர். வகுப்பறையையே சந்தையாக்கும் முறையும் புதிதன்று. எட்வர்ட் சேம்பர்லின் 1948இலேயே ஹார்வர்டு மாணவரைக் கொண்டு அதைச் செய்து எழுதினார். தமிழக ஆய்வேடுகள் ‘புதுமை உத்தி’ என்பதற்குத் திரையையும் கணினியையும் மட்டும் தேடுவது ஏன் என்பது புரியவில்லை.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பே இறுதி. பொதுவளம் குன்றல், 1920களில் உலகச் சந்தைக்கு வந்த ஜப்பானிய வளர்ப்பு முத்து என்னும் பதிலீட்டுப் பொருள், 1973இல் தூத்துக்குடி மீன்வள ஆராய்ச்சி மையத்திலேயே வளர்ப்பு முத்து உருவானது எனப் பாடத்தை இன்னும் நீட்டலாம்.

தெருவின் எல்லை

களப்பணியைப் பரிந்துரைப்போர் இப்பகுதியில் ஒன்றை மறக்கலாகாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவரால் சாதிப் பகையில் வெட்டப்பட்டதும், அதன்பின் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு 2024இல் அறிக்கை தந்ததும் அனைவரும் அறிந்தவை. வீடு வீடாகச் சென்று வருமானமும் நிலமும் கேட்கும் ஸ்லேட்டர் வினாப்பட்டியலை இச்சூழலில் பதினாறு வயதினரிடம் கொடுப்பது பொறுப்பற்ற செயல். எந்தத் தெருவில் எவர் நுழையலாம் என்பதே அங்கு முதல் தரவாகிவிடும். ஆகவே குடும்பத்தைக் கேட்காத களப்பணியே தொடக்கமாகலாம்: வாய்க்காலில் நீர் வந்த நாள்கள், சந்தையில் வாழைத்தாரின் வாராந்தர விலை, உப்பள மூட்டையின் விலை, நகர்ப்பேருந்துக் கட்டணம். கலப்புக் குழுக்களாக இவற்றைத் திரட்டும் மாணவர் பன்னிரண்டாம் வகுப்பின் புள்ளியியல் இயலுக்கு வரும்போது கையில் சொந்த எண்கள் இருக்கும்.

இவற்றுக்கு நேரம் ஏது என ஆசிரியர் கேட்பது நியாயமே. 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் 20 மதிப்பெண் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு உரியது. எஞ்சியதிலும் பெரும்பகுதி பாடநூல் வரிகளையே வேண்டி நிற்கிறது. அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண். இத்தேர்வுமுறைக்குள் புளியங்கொட்டை ஏலம் நடத்தும் ஆசிரியர் தம் மாணவரின் தேர்ச்சி விழுக்காட்டைப் பணயம் வைக்கிறார். 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கியிருப்பது இந்நெருக்கடியில் ஓராண்டு இடைவெளியைத் திறந்திருக்கிறது. எனினும் 2017-18இல் அத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்குக் காரணமே, பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தவிர்த்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஈராண்டு நடத்தியதுதான். அது மீளுமானால் வாரக் கோட்பாடு, அங்காடி, விலை எல்லாம் கற்பிக்கப்படாமலே போகும். அந்த ஓராண்டில் எது நடக்கிறது என்பதைத் தாமிரபரணிப் பள்ளிகள் சிலவற்றிலேனும் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு இப்போதே தொடங்க வேண்டும். அதன் பின்தேர்வில், ‘கடைமடை நிலத்துக்கு ஏன் வாரம் அளக்கப்படுகிறது?’ என்று பாடநூலில் இல்லாத வினா ஒன்றேனும் இடம்பெற வேண்டும்.