பொம்மை யாருடையது, குரல் யாருடையது?

தொலைக்காட்சிப் பொம்மலாட்டத்தின் மரபுரிமை பற்றிய இரசிகர்களின் பேச்சை வெறும் பழநினைவு ஏக்கமென ஒதுக்குவது பிழை. ஜிம் ஹென்சன் உருவாக்கிய கெர்மிட் என்னும் தவளைப் பொம்மை, 1990இல் அவர் மறைந்தபின் ஸ்டீவ் விட்மயரின் கைக்கு வந்தது. மப்பெட் பாத்திரங்களை 2004இல் டிஸ்னி நிறுவனம் வாங்கியது. 2017இல் விட்மயரின் இடத்தில் மாட் வோகல் அமர்த்தப்பட்டார். உருவம் நிறுவனத்தின் சொத்து. இயக்கும் கையும் பேசும் குரலும் மாற்றத்தக்கவை. இப்பிரிவினையைத்தான் இரசிகர்கள் ஏற்க மறுத்தனர்.

தோற்பாவைக்கூத்தில் நிலை வேறு. உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் உரிமையாளர் எவருமிலர். ஆட்டுத்தோற் பாவைகள் கலைஞர் குடும்பத்தின் உடைமை. குமரி மாவட்டக் கூத்தில் திரைக்குப் பின்னிருந்து ஒருவரே இராமனாகவும் இராவணனாகவும் பேசுகிறார். அவர் ஓய்ந்து, அடுத்த தலைமுறையும் கற்றிராவிடில், எஞ்சுவது அருங்காட்சியகத் தோல்தான்.

கெர்மிட்டின் குரல் மாறியதைக் கண்டுகொண்ட இரசிகனின் செவி நம் ஆய்வேடுகளுக்கு வாய்க்கவில்லை (என் ஆய்வேட்டையும் சேர்த்தே சொல்கிறேன்). கதைப்பகுதிகளையும் பாவைகளையும் பட்டியலிடுகிறோம். கோமாளியிலிருந்து அரசனுக்குத் தாவும் அந்த ஒரு நொடியில் கலைஞர் மூச்சை எங்கே நிறுத்துகிறார், சுருதியை எவ்வளவு தாழ்த்துகிறார் என்பதை எழுதாமல் விட்டுவிடுகிறோம்.