தந்தைவழிப் பெயரும் உடன்பிறப்பும்

1879–80இல் தொடராக வெளிவந்த தஸ்தயெவ்ஸ்கியின் ‘கரமாஸவ் சகோதரர்கள்’ புதினத்தில், தந்தை கொலையுண்ட பின்னர் இவான் மும்முறை ஸ்மெர்தியாக்கவைக் காணச் செல்கிறான். இருவரும் ஒரு தந்தையின் மக்கள் என்பது ஊரார் கருத்து. எனினும் உறவுச்சொல் எழுவதில்லை. இவான் ஒருமையில் விளிக்க, சமையற்காரனாகிய மற்றவன் பன்மையில், சொல்லிறுதியில் ‘ஸ்’ என்னும் பணிவொட்டுச் சேர்த்துப் பேசுகிறான்.

இவ்வொட்டினைத் தமிழில் ‘ஐயா’ ஓரளவு ஈடுசெய்யும். ‘இவான் பியோதரவிச்’ என்னும் விளியையும் ‘ஐயா’ எனச் சுருக்குவதோ பெரும்பிழை. பியோதரின் மகன் என்பதே அதன் பொருள். ஸ்மெர்தியாக்கவுக்கும் ஊரார் அப்பெயரையே இட்டு வழங்கினர். ‘அண்ணன்’, ‘தம்பி’ என விளக்கமாகச் சேர்த்தால், மூலம் மறைத்தது வெளிப்பட்டுவிடும். மூன்றாம் சந்திப்பில், மக்கள் எல்லாரிலும் இவானே தந்தையை மிகுதியும் ஒத்தவன் என்கிறான் ஸ்மெர்தியாக்கவ். புறப்படும் இவானை அத்தந்தைவழிப் பெயர் சொல்லியே மீண்டும் அழைத்து விடைகொடுக்கிறான், அன்றிரவே தூக்கிட்டுக்கொள்கிறான்.