இருட்டில் கை தேடும் சுவிட்ச்

தூத்துக்குடியில் புதிதாக எழும்பும் வீடுகள் சிலவற்றில், வாசலைத் தாண்டியதும் கை போகும் இடத்தில் பழைய சுவிட்ச் போர்டு இல்லை. ஒரு கறுப்புக் கண்ணாடிப் பலகை பதித்திருக்கிறார்கள். அதில் நான்கோ ஆறோ வட்டங்கள் மங்கிய ஒளியில் தெரிகின்றன. விரலை வைத்தால் விளக்கு எரிகிறது. அதே விளக்கைப் போனிலிருந்தும் போடலாம், மேசைமேல் இருக்கும் ஸ்பீக்கரிடம் சொல்லியும் போடலாம். பேனுக்குத் தனியாக ஒரு ரிமோட். ஒரு விளக்குக்கு மூன்று வழி வந்துவிட்டது என்றால் வசதி கூடியிருக்க வேண்டும். யாருக்குக் கூடியது என்பதுதான் கேள்வி.

ஒரு கட்டுப்பாட்டுக் கருவி இந்த ஊர் வீட்டுக்குப் பொருந்துமா என்று பார்க்கச் சில சோதனைகள் போதும். இருட்டில் கை அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஈரக்கையும் வெடித்த கையும் அதை இயக்க வேண்டும். விளக்கு எரிகிறதா, மோட்டார் ஓடுகிறதா என்பது எட்டிப் பார்க்காமலே தெரிய வேண்டும். இணையம் செத்தாலும் அது வேலை செய்ய வேண்டும். ஊரிலிருந்து வந்து இறங்கிய ஆச்சி யாரையும் கூப்பிடாமல் இரவில் குளியலறை விளக்கைப் போட வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். 2021-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம், பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம். வீட்டுச் சுவரில் எதைப் பதிப்பது என்று முடிவெடுக்கும்போது அவர்களை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட முடியாது.

பழைய சுவிட்ச் இவை எல்லாவற்றிலும் தேறிவிடுகிறது. கீழே தட்டினால் ஆன், மேலே தட்டினால் ஆஃப். சுவரைத் தடவிக்கொண்டே போனால் விளிம்பு தட்டுப்படும். இரண்டாவது சுவிட்ச் டியூப்லைட், மூன்றாவது பேன் என்று விரல் எண்ணிக்கொள்ளும். தடவுவதால் எதுவும் எரிந்துவிடாது. அழுத்தினால்தான் எரியும், அதுவும் ‘டக்’ என்று சொல்லிவிட்டு எரியும். சுவிட்ச் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தொட்டாலே, கரண்ட் இல்லாத நேரத்திலும், பேன் போட்டபடி கிடக்கிறதா என்று தெரியும்.

கண்ணாடிப் பலகையில் தேடுவதும் இயக்குவதும் ஒரே செயல் ஆகிவிட்டன. அதன் அடிப்படைக் கோளாறு இதுதான். வட்டம் எங்கே இருக்கிறது என்று பார்வையில்லாதவர் தடவிப் பார்த்தால், தடவிய மாத்திரத்திலேயே மூன்று விளக்கும் ஒரு பேனும் ஓடத் தொடங்கிவிடும். இதே சிக்கல் ஸ்மார்ட்போனுக்கும் வந்தது, அங்கே தீர்த்துவிட்டார்கள். 2009-இல் ஐபோனில் வாய்ஸ்ஓவரும் ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் வந்தன. இன்று இரண்டிலும் முதலில் தொட்டால் போன் அந்த இடத்தில் இருப்பதைச் சொல்லும், இரண்டு முறை தட்டினால்தான் இயக்கும். தேடலையும் செயலையும் பிரித்து வைத்த அந்த அறிவு சுவருக்கு வந்து சேரவில்லை. வட்டங்களைச் சுற்றி ஒரு மேடோ பள்ளமோ வார்த்திருந்தால்கூடப் போதும். பலகை வழவழவென்று இருப்பதே அழகு என்று முடிவு செய்துவிட்டார்கள்.

கைக்கு வருவோம். இந்தக் கண்ணாடி விரலின் மின்தேக்குத் திறனைக் கொண்டு வேலை செய்வது. திரேஸ்புரத்தில் வலையும் கயிறும் இழுத்துக் காய்ப்பு ஏறிய விரலை, முள்ளக்காட்டு உப்பளத்தில் வாரிப் பலகை பிடித்து வறண்டு வெடித்த விரலை, அது சில நேரம் விரல் என்றே எடுத்துக்கொள்வதில்லை. அதற்கு நேர்மாறாக, மீன் கழுவிய ஈரக்கையோடு அடுப்படியில் தொட்டால் உப்புத் தண்ணீர் பரவிய இடமெல்லாம் அதற்கு விரலாகத் தெரிகிறது. ஒரு வட்டத்தைத் தொட்டால் இரண்டு பதில் வரும். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி தொட வேண்டும். உழைக்கும் கையைக் கணக்கில் வைக்காத ஒரு பொருளை உழைப்பாளர் ஊரில் விற்கிறோம்.

கண்ணாடியின் பக்கம் சொல்ல ஒன்று உண்டு. உப்புக்காற்று நம் சுவிட்சுகளை விட்டுவைப்பதில்லை. உள்ளே பித்தளையில் களிம்பு ஏறி, போட்டால் கரகரக்கும், பொறி தெறிக்கும். கண்ணாடியில் அந்த இடுக்கு இல்லை, துடைத்தால் சுத்தம். ஆனால் அதன் பின்னால் இருக்கும் சர்க்யூட் போர்டும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது. பழைய சுவிட்ச் கெட்டால் கெட்டது ஒன்று மட்டும். தெருமுனைக் கடையில் வாங்கிப் பத்து நிமிடத்தில் எலக்ட்ரீசியன் மாட்டிவிடுவார். பலகை கெட்டால் அறை முழுவதும் இருட்டு, அதே கம்பெனி அதே மாடலை இன்னும் செய்கிறதா என்ற கவலை வேறு. ஆகவே இந்த ஒரு சாதகமும் நிலைக்கவில்லை.

போன் செயலியை இவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. பக்கவாதத்தில் படுத்துவிட்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். சுவிட்ச் போர்டு நாலரை அடி உயரத்தில், கட்டிலிலிருந்து எட்டாத தூரத்தில் இருக்கிறது. விடியற்காலை குளிர்கிறது; பேனைக் குறைக்க மகளை எழுப்ப வேண்டும். நாளெல்லாம் உழைத்துத் தூங்கும் மகளை எழுப்ப மனமில்லாமல் போர்வையை இழுத்துக்கொண்டு கிடப்பவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவருடைய கையருகே ஒரு போன், அதில் பேனுக்கு ஒரு பெரிய பொத்தான் என்றால் அது ஆடம்பரம் ஆகாது. தன் உடம்புக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும் கௌரவம் அது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய 11.8 லட்சம் பேர். அவர்களில் பலருக்கு ஸ்மார்ட் ஹோம் பெரிய கதவைத் திறக்கக்கூடும். அதனால்தான் அந்தக் கதவின் தாழ்ப்பாளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று நுணுகிப் பார்க்க வேண்டும்.

தாழ்ப்பாள் பெரும்பாலும் வீட்டில் இல்லாதவரின் கையில் இருக்கிறது. இந்த ஊரில் மகன் கப்பலில் இருப்பான், இல்லையென்றால் வளைகுடாவில். விடுமுறைக்கு வந்தபோது எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்ததும் அவன்தான். கணக்கு அவன் மின்னஞ்சலில், கடவுச்சொல் அவன் நினைவில். ரூட்டர் மாற்றினால், பாஸ்வேர்டு மறந்தால், செயலி புதுப்பிப்புக் கேட்டால், அவன் கரை சேரும்வரை அம்மா காத்திருக்க வேண்டும். செயலிக்குள் எழுத்து பெரும்பாலும் ஆங்கிலம். பல செயலிகளில் பொத்தான்களுக்குப் பெயரே கொடுக்காததால் டாக்பேக் வெறுமனே ‘பட்டன், பட்டன்’ என்று படிக்கிறது. வீட்டிலேயே இருப்பவரைவிட இல்லாதவருக்கு அதிகாரம் கூடிய ஏற்பாட்டை நல்ல வடிவமைப்பு என்று நான் ஒப்பமாட்டேன்.

சமிக்ஞை எவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்கு இந்த ஊரிலேயே ஒரு பழைய பாடம் உண்டு. தூத்துக்குடிக் கடலில் 1961 வரை முத்துக் குளித்தார்கள். மூழ்குபவர் கயிற்றை அசைத்தால் தோணியில் நிற்பவர் உடனே இழுக்க வேண்டும். கண்ணுக்கு எட்டாத, குரல் எட்டாத ஆழத்திலிருந்து வரும் ஒரே சமிக்ஞை, தொட்டு அறிவது, இரு முனையிலும் ஒரே பொருள் கொண்டது. உயிர் அதில் தொங்கியதால் அதை அவ்வளவு தெளிவாக வைத்திருந்தார்கள். வீட்டில் விழுந்து கிடக்கும் முதியவர் உதவிக்கு அழைக்கும் பொத்தானுக்கும் அந்தத் தெளிவு வேண்டும். செயலியைத் திறந்து மூன்றாவது பக்கத்துக்குப் போகச் சொல்வது அங்கே செல்லாது.

குரலுக்கு வருவோம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கை எழும்பாதவருக்கும் குரலைப் போல ஒன்று கிடையாது. கொள்கையளவில் இதுதான் சிறந்த வழி. நடப்பு வேறு. அமேசானின் எக்கோ 2017-இல் இந்தியாவுக்கு வந்தது, 2019-இல் அலெக்ஸா இந்தி பேசியது. தமிழ் வீட்டில் அதை வாங்கி வைத்தவர்கள் ஆங்கிலத்தில்தான் ஏவிப் பழகினார்கள். ‘பட்டாசல் லைட்டப் போடு’, ‘பேனக் கொஞ்சம் கொற’ என்று வாய்க்கு வந்தபடி சொல்ல முடியாத குரல்வழி, யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே எட்டாமல் நிற்கிறது. பேச்சு குழறும் நோயாளிக்கும், காது கேளாத, வாய் பேசாத ஒருவருக்கும் தமிழிலேயே வந்தாலும் அது உதவாது. ஆகவே குரல் துணையாக இருக்கலாம், தனி வழியாக இருக்கக் கூடாது.

ரிமோட் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பழைய பேன் எழுபத்தைந்து வாட் இழுத்த இடத்தில் முப்பது வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. பேன் நல்ல பொருள். கோயம்புத்தூரின் வெர்சா டிரைவ்ஸ் செய்த சூப்பர்ஃபேன் இதில் நாட்டுக்கே முன்னோடி. ஆனால் சுவரில் ஐந்து படியாகத் திருகிய ரெகுலேட்டரை எடுத்துவிட்டு, தலையணைக்கு அடியில் தொலையும் ஒரு ரிமோட்டைக் கொடுத்தது பின்னடைவு. ரெகுலேட்டரில் இயங்கும் பி.எல்.டி.சி. பேன்களும் இப்போது கிடைக்கின்றன. அதை வாங்குங்கள்.

தேறிய பொருள்கள் இந்தச் சந்தையின் பளபளப்பான பக்கத்தில் இல்லை. மேல்தொட்டி நிறைந்ததும் தண்ணீர் நிறைந்துவிட்டது, மோட்டாரை நிறுத்துங்கள் என்று தமிழில் பேசும் சின்னப் பெட்டி எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கிறது. போன் வேண்டாம், கணக்கு வேண்டாம். அடுப்படியில் நிற்பவருக்கும் பார்வையில்லாதவருக்கும் ஒரே நேரத்தில் செய்தி போய்ச் சேர்கிறது. காது கேளாதவருக்காக அதில் ஒரு மினுக்கும் விளக்கையும் சேர்த்தால் குறை தீர்ந்தது.

இரண்டாவது, வயலில் இருக்கிறது. போன் செய்தால் மோட்டார் ஓடும் பம்புசெட் கருவி. புனேயின் சந்தோஷ் ஓஸ்ட்வால் செய்த நானோ கணேஷ் 2009-இல் நோக்கியா நடத்திய போட்டியில் பரிசு வாங்கியது. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை இத்தகைய கருவிகளுக்கு மானியம் தருகிறது. இரவில் பாம்புக்கும் ஷாக்குக்கும் பயந்து கிணற்றடிக்குப் போன விவசாயி இப்போது வீட்டிலிருந்தே பொத்தான் போனில் அழைக்கிறார். அந்தப் போனில் ஐந்தாம் எண் மேல் ஒரு சிறு புள்ளி மேடாக இருக்கும். அதைத் தொட்டு மற்ற எண்களின் இடத்தைக் கண்ணில்லாமலே அறியலாம். இணையம் வேண்டாம், சாதாரண சிக்னல் போதும். வீட்டுக் கட்டுப்பாட்டுக்குத் தேவையான எல்லா நற்குணமும் வயலில் வந்துவிட்டது. வீட்டுக்குள் கொண்டுவர யாரும் மெனக்கெடவில்லை. 2017-இல் தூத்துக்குடி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. சாலைக்கும் பூங்காவுக்கும் திட்டம் வந்தது, வீட்டுச் சுவர் மட்டும் விற்பனையாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

இணையத்தை நம்பிய வீடு என்னாகும் என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் காட்டின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறியது, பல இடங்களில் கரண்டும் சிக்னலும் நாட்கணக்கில் இல்லை. இன்வெர்ட்டரில் ஒரு விளக்கு எரிந்த வீட்டில்கூட, எங்கோ இருக்கும் சர்வரிடம் அனுமதி கேட்கும் செயலி பயன்படாது. வெள்ளம்தான் வர வேண்டும் என்றும் இல்லை. அமெரிக்காவில் 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் ஹோம் நிறுவனம் முன்னறிவிப்பின்றிச் சர்வரை நிறுத்தியது. வாடிக்கையாளர்களின் செயலிகள் அன்றே ஊமையாகின, சுவரில் இருந்த சுவிட்சுகள் தொடர்ந்து வேலை செய்தன. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான மேட்டர் என்ற பொதுத் தரம், கட்டளை வீட்டுக்குள்ளேயே ஓட வழி செய்கிறது. வாங்கும்போது அந்த முத்திரையைத் தேடுவது நல்லது.

என் தீர்ப்பு இது: சுவரில் அசையும் சுவிட்ச் இருக்க வேண்டும், ஸ்மார்ட் என்பது அதற்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும். சுவிட்ச் பெட்டிக்குள்ளேயே அடங்கும் சிறிய ரிலே கருவிகள் கிடைக்கின்றன. நம் போர்டிலேயே ஒரு பிளக் பாயின்ட் இருப்பது வழக்கம் என்பதால் அதற்குத் தேவையான நியூட்ரல் வயரும் அங்கேயே இருக்கும். படுத்திருப்பவர் போனில் போடட்டும், மற்றவர்கள் தட்டிப் போடட்டும். கண்ணாடிப் பலகை இந்த ஊர் வீடுகளுக்கு ஆகாது.

இந்தத் தீர்ப்பிலும் ஓர் ஓட்டை உண்டு. ரிலே மாட்டியதும் சுவிட்ச் மாடிப்படி டூ-வே போல ஆகிவிடுகிறது. போனில் அணைத்தால் சுவிட்ச் கீழே சாய்ந்தபடியே நிற்கும். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்து நிலையை அறியும் குணம் போய்விடும். அதனால் ரிலேயோடு பெல் சுவிட்ச் மாதிரி அழுத்தினால் திரும்பிவரும் வகையைப் போட வேண்டும். போடும்போது ஒரு ஒலி, அணைக்கும்போது வேறு ஒலி வர வேண்டும். குறிப்பாக மோட்டாருக்கும் ஹீட்டருக்கும் இது கட்டாயம். சந்தையில் இந்த இரட்டை ஒலி அரிதாகவே கிடைக்கிறது.

சட்டம் இதற்கு முன்பே வந்து நிற்கிறது. தகவல் தொழில்நுட்பக் கருவிகளின் அணுகலுக்கு, ஐரோப்பிய இ.என். 301 549-ஐ அடியொற்றிய இந்தியத் தரம் ஐ.எஸ். 17802 இருக்கிறது. அந்த ஐரோப்பியத் தரத்திலேயே இரண்டு விதிகள் உண்டு: ஒவ்வொரு பொத்தானையும் பார்வையில்லாமல், அது இயங்கிவிடாமல், இனம்காண முடிய வேண்டும், போட்டிருக்கிறதா அணைத்திருக்கிறதா என்பது தொட்டோ கேட்டோ தெரிய வேண்டும். வீட்டுச் சுவிட்சுக்கான ஐ.எஸ். 3854 பாதுகாப்பையும் நீடித்து உழைக்கும் திறனையும் சோதிக்கிறது. கை அதைக் கண்டுபிடிக்குமா என்று கேட்பதில்லை. கண்ணாடிப் பலகை இரண்டுக்கும் நடுவே நழுவிப் போகிறது. வை-ஃபையும் செயலியும் உள்ள பொருள் தகவல் தொழில்நுட்பக் கருவிதான். அப்படியே அதை நடத்த வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு எல்லோருக்கும் ஏற்ற நுகர்பொருள்களை ஊக்குவிக்கும் கடமையை அரசின்மேல் வைக்கிறது. அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக நிற்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த விதிகளை எழுதும்போது சுவரில் பதிக்கும் பலகையையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும், வட்டத்தைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் மேடு உட்பட.